துடைக்கிற துணிக்குள்ள ஒரு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்

மெக்கானிக்கல் ஃபைனல் இயர்னு சொன்னா போதும், சொந்தக்காரங்க எல்லாரும் காரைக் கொண்டு வந்து நிறுத்திடுவாங்க. "ஏதோ சத்தம் வருதுப்பா, என்னன்னு பாரு" என்பது முதல் கேள்வி. அதுக்குப் பதில் கேம்பஸ் இன்டர்வியூ மாதிரி, சமாளிக்கலாம். ஆனா அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் இருக்கிறவங்க கேட்கிற இரண்டாவது கேள்வி வேற: "தினமும் கழுவுறோம், தினமும் துடைக்கிறோம். அப்படியும் வெள்ளை வெள்ளையா புள்ளி. வெயில்ல பார்த்தா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல். ஏன்?"

இதுக்குப் பதில் இன்ஜின்ல இல்லை. ரெண்டு விஷயத்துல இருக்கு: வாளியில இருக்கிற தண்ணி, கையில இருக்கிற துணி. ரெண்டுமே நம்ம சிலபஸ்தான். செகண்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல கேப்பிலரின்னு ஒரு ரெண்டு மார்க் கேள்வி வருமே, அதுதான் இங்க ஹீரோ.

முதல்ல தண்ணி. மெட்ரோ வாட்டர்ல கார் கழுவுறவங்க ரொம்பக் கம்மி. அது சமையலுக்கும் குளிக்கவும்தான். பார்க்கிங்ல இருக்கிற குழாயில வர்றது பெரும்பாலும் போர் தண்ணி. சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் எல்லாம் கடலை ஒட்டின மணல் பகுதி. நிலத்தடி நல்ல தண்ணியை நாம உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்து உப்புத் தண்ணி நகர்ந்து வரும். தி.நகர் கதை இன்னும் வேடிக்கை. இன்னைக்கு டேங்கர் லாரி ஹாரன் அடிச்சுட்டு நுழையிற தெருக்கள்ல பல, 1920களுக்கு முன்னாடி ஏரி. ஏரியை வத்த வெச்சு ஊரைக் கட்டிட்டு, இப்போ ஊருக்கு லாரியில தண்ணி கொண்டு வர்றோம்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதுப்படி தண்ணியில கரைஞ்ச உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். வேற வழியே இல்லைன்னா 2000 வரை போகலாம். கடினத்தன்மைக்கு 200, வேற வழி இல்லைன்னா 600. ஒரு பேச்சுக்கு உங்க வீட்டு போர் தண்ணி டிடிஎஸ் 1000னு வெச்சுக்குவோம். ஒரு சின்னக் காரோட வெளிப்பரப்பு கண்ணாடியையும் சேர்த்து சுமார் 10 சதுர மீட்டர். கழுவி முடிச்சு, வழிய வேண்டியது எல்லாம் வழிஞ்ச பிறகு, சராசரியா 0.05 மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணி ஒட்டியிருக்குன்னு எடுத்துக்கலாம். பெருக்கிப் பாருங்க, அரை லிட்டர் வரும். அரை லிட்டர்ல உப்பு அரை கிராம். துடைக்காம அப்படியே காய விட்டா அந்த அரை கிராமும் கார் மேலயே நிக்கும். முப்பது நாளைக்கு 15 கிராம். மாசம் ரெண்டு, மூணு டீஸ்பூன் உப்பை நாமே காசு குடுத்துத் தூவுற மாதிரி.

இந்த உப்புல ரெண்டு ஜாதி உண்டு. சாதாரண சோடியம் குளோரைடு மறுநாள் தண்ணி பட்டா கரைஞ்சு போயிடும், பெரிய தொல்லை இல்லை. தொல்லை கால்சியம். நிலத்தடித் தண்ணியில அது பைகார்பனேட்டா கரைஞ்சு இருக்கும். வெயில்ல சூடாகி, கார்பன் டை ஆக்சைடு வெளியேறினதும் கால்சியம் கார்பனேட்டா மாறிப் படிஞ்சிடும். வெந்நீர் போடுற ஹீட்டர் ராடு மேல வெள்ளையா ஓடு கட்டுமே, அதே பொருள். மறுபடி தண்ணி ஊத்தினா கரையாது. ஒரு ஓட்டு மேல இன்னொரு ஓடுன்னு ஏறிக்கிட்டே போகும்.

சரி, புள்ளி ஏன் நடுவுல தெளிவாவும் ஓரத்துல வளையமாவும் இருக்கு? மயிலாப்பூர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு டபரா போதும். மேஜை மேல சிந்தின ஃபில்டர் காபி காஞ்சதும் ஓரத்துல மட்டும் கறுப்பு வளையம் நிக்கும். துளியோட விளிம்பு பரப்புல ஒட்டிக்கிட்டு நகராது. ஓரத்துலதான் ஆவியாதல் வேகமா நடக்கும். அதை ஈடுகட்ட நடுவுல இருந்து தண்ணி ஓரத்துக்கு ஓடும், ஓடும்போது கரைசலையும் துகளையும் இழுத்துட்டுப் போகும். 1997ல சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழ்ல இதைக் கணக்கோட விளக்கினாங்க. பேரே 'காபி வளைய விளைவு'தான். ஆக, கார் மேல நிக்கிற ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன உப்பளம். வெயில் வர்றதுக்குள்ள தண்ணியைத் துளியாவே எடுத்துடணும். அதனாலதான் துடைக்கிறது கழுவுறதை விட முக்கியம்.

இப்போ துணிக்கு வருவோம். இங்கதான் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

காலை அஞ்சரைக்கு எந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்குப் போனாலும் ஒரு அண்ணன் இருப்பார். ஒரு வாளி, ஒரு துணி, வரிசையா பத்துப் பதினஞ்சு கார். ஒரு காருக்கு மாசம் இவ்வளவுன்னு கணக்கு. துணி அவர் வாங்குறது இல்லை, நாம குடுக்கிறது. வீட்டுல கிழிஞ்ச பனியன், நூல் நூலாப் போன டர்க்கி டவல், இல்லைன்னா சிக்னல்ல விக்கிற மஞ்சள் துணி. எங்க ஏரியாவுல ஒரு அபார்ட்மென்ட்ல போன வருஷம் ஒருத்தர் புதுக் கறுப்புக் கார் வாங்கினார். ஆறு மாசத்துல பானெட் முழுக்க வட்டக் கீறல். கழுவுற அண்ணன்தான் காரணம்னு முடிவாச்சு, அவருக்கு அந்த மாசக் காசு கிடையாது. "சார், நீங்க குடுத்த துணிலதான் சார் துடைச்சேன்"னு அவர் சொன்னது யார் காதுலயும் ஏறலை. அவர் சொன்னது அறிவியல்படி சரி. அது ஏன்னு பார்ப்போம்.

கார் பெயின்ட்டுக்கு மேல கிளியர் கோட்னு நிறமில்லாத ஒரு அடுக்கு இருக்கு. கனம் சுமார் 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணோட தடிமனை விடக் குறைவு. அதைக் கீறுறது பெரும்பாலும் துணி இல்லை, துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல மாட்டுற மணல். மணல்ங்கிறது குவார்ட்ஸ். மோஸ் அளவுகோல்ல அதோட கடினம் 7. கண்ணாடியே சுமார் 5.5தான். எலியட்ஸ் பீச் பக்கம் வண்டி நிறுத்தினா இந்த மணல் தானா வந்து உக்காரும். மெட்ரோ ரயில் வேலை நடக்கிற பக்கமா போனா கேட்கவே வேணாம். தட்டையான பனியன் துணியில மணல் போய் ஒளிய இடமே இல்லை. துணியோட அடிப்பக்கத்துலயே நின்னு, கை போற வழியெல்லாம் கோடு போடும். அதே துணியை அதே வாளியில நனைச்சா, முதல் காரோட மணல் பத்தாவது காருக்கும் போகுது. கடைசிக் கார்க்காரர் பாவம்.

கீறல் ஏன் வட்டமா தெரியுதுன்னு ஒரு துணைக் கேள்வி. "அவன் வட்டமா தேய்ச்சிருக்கான், அதான்"னு எல்லாரும் சொல்வாங்க. முழுசா சரி இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலயும் தாறுமாறா இருக்கும். ஒரு விளக்கோ சூரியனோ பெயின்ட்ல பிரதிபலிக்கும்போது, அந்த ஒளிப்புள்ளியைச் சுத்தி வட்டத்தோட தொடுகோடு மாதிரி அமைஞ்ச கீறல்கள் மட்டும்தான் ஒளியை நம்ம கண்ணுக்குத் திருப்பும். மத்ததெல்லாம் தெரியாது. நீங்க நகர்ந்தா வட்டமும் கூடவே நகரும். போய்ச் செஞ்சு பாருங்க, எவர்சில்வர் தட்டுலயே தெரியும். சம்பளத்தைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

இனி மைக்ரோஃபைபர். பேரு புதுசா இருந்தாலும் பொருள் பழசு. 1970ல ஜப்பான்ல டோரே நிறுவனத்தின் மியோஷி ஒகமோட்டோ, மிக மெல்லிய பாலியெஸ்டர் இழையை வெச்சு 'அல்ட்ராஸ்வேட்'ங்கிற செயற்கைத் தோல் மாதிரியான துணியைக் கொண்டு வந்தார். இழையோட மென்மையை டெனியர்ல அளப்பாங்க. 9000 மீட்டர் நீள இழையோட எடை 1 கிராம்னா அது 1 டெனியர். அதுக்குக் கீழ இருந்தா மைக்ரோஃபைபர். பாலியெஸ்டரோட அடர்த்தியைப் போட்டுக் கணக்கு பண்ணினா, 1 டெனியர் இழையோட விட்டம் 10 மைக்ரான். 0.1 டெனியர்னா சுமார் 3 மைக்ரான். பருத்தி இழை 12ல இருந்து 20 மைக்ரான் வரை இருக்கும்.

நல்ல டவல்ல இன்னொரு வித்தை இருக்கு. ஒரே இழைக்குள்ள பாலியெஸ்டரும் நைலானும் கமலா ஆரஞ்சு சுளை மாதிரி மாத்தி மாத்தி அடுக்கி இருக்கும். நெய்த பிறகு சூடான காரக் கரைசல்ல போட்டா சுளைகள் தனித்தனியா பிரிஞ்சிடும். உருண்டை இழைக்குப் பதிலா கூரான விளிம்பு உள்ள ஆப்பு வடிவ இழைகள், நடுவுல எக்கச்சக்கமான இடுக்குகள். பாக்கெட் மேல 80/20, 70/30ன்னு போட்டிருக்கிறது இந்த பாலியெஸ்டர், நைலான் விகிதம்தான். சுளை பிரியாத மலிவுத் துணியும் மைக்ரோஃபைபர்ங்கிற பேர்லதான் விக்குது, அதுதான் பிரச்சினை.

இங்க ஒரு சுவாரசியமான முரண். பாலியெஸ்டர் தண்ணியை உறிஞ்சவே உறிஞ்சாது. சாதாரணக் காத்துல இருக்கும்போது பருத்தி தன் எடையில சுமார் 8 சதவீதம் ஈரம் வாங்கும், நைலான் 4, பாலியெஸ்டர் வெறும் 0.4. அப்போ டவல் எப்படிக் குடிக்குது? இழைக்குள்ள குடிக்கலை, இழைகளுக்கு நடுவுல பிடிச்சு வெக்குது. கேப்பிலரி அழுத்தம் = 2 × பரப்பு இழுவிசை × தொடுகோணத்தின் கோசைன் ÷ ஆரம். தண்ணியோட பரப்பு இழுவிசை 0.072 நியூட்டன்/மீட்டர். முழுசா நனையிற பரப்புன்னு எடுத்தா கோசைன் 1. இடுக்கோட ஆரம் 0.1 மில்லிமீட்டர்னா அழுத்தம் 1440 பாஸ்கல், அதாவது 15 சென்டிமீட்டர் உயரத் தண்ணியைத் தூக்கற அளவு. அதே ஆரம் 10 மைக்ரான் ஆச்சுன்னா 14,400 பாஸ்கல், ஒன்றரை மீட்டர். வழவழன்னு இருக்கிற பெயின்ட்டுல தண்ணியைப் பிடிச்சு வெக்க இடுக்கே இல்லை. அதனால டவல் மெதுவா தொட்டாலே தண்ணி இந்தப் பக்கம் தாவிடுது. அழுத்தித் தேய்க்க வேண்டியதே இல்லை. அழுத்தம் இல்லைன்னா, தப்பித் தவறி மாட்டின மணலும் ஆழமா கீறாது. நீளமான வளையங்களோட இருக்கிற டவல்னா மணல் அந்த வளையங்களுக்குள்ள போயிடும், பெயின்ட்டைத் தொடுறது குறையும். என்னைப் பொறுத்தவரை மைக்ரோஃபைபரோட பெரிய உபகாரம் இதுதான், உறிஞ்சுறது ரெண்டாவது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்? அண்ணா சாலையை ஒட்டின ஜி.பி. ரோட்டுல கார் ஆக்சசரீஸ் கடைகள் வரிசையா இருக்கு, அங்க கையில தொட்டுப் பார்த்து வாங்கலாம். துடைக்கிறதுக்கு வாஃபிள் மாதிரி கட்டம் கட்டமா நெய்தது, இல்லைன்னா முறுக்கு வளையம் போட்டது நல்லது. குட்டைத் துணி பாலிஷ் போடத்தான். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணியோட எடை. 60க்கு 90 சென்டிமீட்டர் டவல் 500 ஜிஎஸ்எம்னா எடை 270 கிராம். தன் எடையைப் போல ஏழு எட்டு மடங்கு தண்ணி பிடிக்கும்னு விளம்பரம் சொல்லும். அதை விடுங்க, ரெண்டு மடங்குன்னே வெச்சாலும் 540 மில்லிலிட்டர். முன்னாடி போட்ட அரை லிட்டர் கணக்கு ஞாபகம் இருக்கா? ஒரே டவல்ல ஒரு கார் முடிஞ்சது. உலர்ந்த உள்ளங்கையில தடவினா சருமத்துல லேசா சிக்குற மாதிரி இருக்கணும், அது சுளை பிரிஞ்சதுக்கு அடையாளம். ஓரத் தையல் நைலான் நூலா முரடா இருந்தா வேணாம். லேபிளை முதல் நாளே கத்தரிச்சுடுங்க. சந்தேகமா இருந்தா, ஹாஸ்டல்ல யார்கிட்டயாவது பழைய சிடி கிடக்கும். அதோட பளபளப்பான பக்கத்துல பத்துத் தடவை தேய்ச்சுப் பாருங்க. சிடியில கோடு விழுந்தா அந்தத் துணி கார்ல படக் கூடாது.

துடைக்கிற முறை சிம்பிள். நிழல்ல நிறுத்துங்க. கழுவ ரெண்டு வாளி: ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணு அழுக்குத் துணியை அலச. ஒரு காருக்கு 30 லிட்டர்ல முடிஞ்சிடும். ஹோஸ் நிமிஷத்துக்கு 10 லிட்டர்னா கால் மணி நேரத்துல 150 லிட்டர் போயிடும். 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வந்ததை ஸ்கூல் படிக்கும்போது நாம எல்லாரும் டிவியில பார்த்தோம். பெங்களூர்ல 2024 மார்ச்ல குடிதண்ணியில கார் கழுவினா 5000 ரூபாய் அபராதம்னே போட்டாங்க. சரி, விஷயத்துக்கு வர்றேன். கடைசித் தண்ணியை மேல இருந்து மெதுவா, ஒரே ஓட்டமா ஊத்துங்க. படலமா வழிஞ்சு பெரும்பகுதியை அதுவே இழுத்துட்டுப் போயிடும். டவலை லேசா நனைச்சுப் பிழிஞ்சுக்கோங்க, முழுக்க உலர்ந்த டவல் முதல்ல தண்ணியைத் தள்ளும். விரிச்சுப் போட்டு, ரெண்டு முனையைப் பிடிச்சு நேரா உங்க பக்கம் இழுங்க. முதல்ல கூரை, அப்புறம் கண்ணாடி, பானெட், கதவு. சக்கரத்துக்கும் கீழ்ப்பகுதிக்கும் வேற துணி. டவல் தரையில விழுந்தா அன்னைக்கு அதோட வேலை முடிஞ்சது, உதறிட்டு மறுபடி துடைக்கக் கூடாது.

தண்ணியில ஒரு தந்திரம் இருக்கு. "ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணியைக் கார் கழுவ வெச்சுக்கோங்க"ன்னு நிறைய அசோசியேஷன்ல சொல்றாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா கணக்கு போடுங்க. 1000 டிடிஎஸ் தண்ணி 3 லிட்டர் உள்ள போய், 100 டிடிஎஸ்ல 1 லிட்டர் நல்ல தண்ணி வந்தா, மிச்ச 2 லிட்டரோட டிடிஎஸ் 1450. முதல் அலசலுக்கும் சக்கரத்துக்கும் சரி, கடைசி அலசலுக்கு வேண்டவே வேண்டாம். கடைசிக்கு ஏசி தண்ணியைப் பிடிங்க. அது காத்துல இருந்த நீராவி குளிர்ந்து வந்தது, கிட்டத்தட்ட காய்ச்சி வடிச்ச தண்ணி. சென்னைப் புழுக்கத்துல ராத்திரி முழுக்க ஓடுற ஏசி அரை வாளிக்குக் குறையாம குடுக்கும். கீழ் வீட்டுக்காரர் ஜன்னல்ல சொட்டிச் சண்டை வர்றதுக்குப் பதிலா ஒரு டியூப் போட்டு வாளியில இறக்குங்க. இதுல அலசின கார்ல துடைக்க விட்டுப் போன துளி காஞ்சாலும் வளையம் பெரும்பாலும் தெரியாது.

ஏற்கனவே ஓடு கட்டின புள்ளிக்கு வெள்ளை வினிகரும் ஏசி தண்ணியும் சம பங்கு கலந்து, நிழல்ல, துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வெச்சு எடுத்து உடனே நல்லா அலசிடுங்க. கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்தா என்ன ஆகும்னு எட்டாம் கிளாஸ்லயே படிச்சிருக்கோம். அப்படியும் போகலைன்னா உப்பு கிளியர் கோட்டையே அரிச்சிருக்கு, அதுக்குப் பாலிஷ்தான்.

டவலைத் துவைக்கிறதுலயும் ஒரு வம்பு உண்டு. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீங்க. அது இழை மேல வழவழன்னு ஒரு பூச்சு பூசும், தொடுகோணம் மாறும், கோசைன் குறையும், உறிஞ்சுறது போச்சு. பருத்தித் துணியோட சேர்த்துத் துவைச்சா பஞ்சு ஒட்டிக்கும். போர் தண்ணியும் பார் சோப்பும் சேர்ந்தா கால்சியம் சோப்பு கட்டி டவல் அப்பளம் மாதிரி விறைச்சிடும், அதனால திரவ டிடர்ஜென்ட், கடைசியில கொஞ்சம் வினிகர். இது பிளாஸ்டிக் இழை, துவைக்கும்போது துணுக்கு உதிரும், சாக்கடை வழியா அடையாறுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோதான் போகும். அதனால அடிக்கடி மெஷின்ல போடாம, கையில அலசி நிழல்ல உலர்த்துறதே மேல்.

கழுவுற அண்ணனுக்குக் காருக்கு ரெண்டு டவல் குடுத்து, கார் நம்பர் எழுதி பார்க்கிங்லயே ஒரு கொக்கியில மாட்டி வைங்க. சில நூறு ரூபாய் செலவு, பெயின்ட் பாலிஷ் பண்ற செலவுல ஒரு துளி. ஒரு காரோட துணி இன்னொரு காருக்குப் போகாது. வளையம் தேஞ்சு தட்டையானதும் அந்த டவலைக் கண்ணாடி உள்பக்கத்துக்கு மாத்துங்க, அப்புறம் கதவு இடுக்குக்கு, அப்புறம் சக்கரத்துக்கு, அதுக்கும் அப்புறம் ஹாஸ்டலுக்குக் கொண்டு வாங்க. சைக்கிள் செயின் துடைக்க எங்களுக்கு எப்பவும் துணி பத்தாது.